ரியு 4.34: கற்பவருக்கான எஸ்.டி.என். கன்ட்ரோலரும் அதன் மௌனமும்

மூன்று கணினிகள், ஒரு சுவிட்ச், அந்தச் சுவிட்சுக்குக் கட்டளையிடும் ஒரு கன்ட்ரோலர். ஒரே கணினிக்குள் மெய்நிகர் வலையமைப்பை உருவாக்கித் தரும் மினிநெட்டில் இதைவிடச் சிறிய வலையமைப்பு வேண்டுமென்றால் ஒரு கணினியைக் குறைக்கத்தான் வேண்டும். அந்தக் கணினிகள் எல்லாம் ஒன்றையொன்று அழைத்துப் பார்க்கும் 'பிங் ஆல்' கட்டளையைக் கொடுத்தபோது, ஆறு அழைப்புகளில் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை, 100 விழுக்காடு இழப்பு என்று மினிநெட் அறிவித்தது. பக்கத்து டெர்மினலில் ரியு கன்ட்ரோலர் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல், எல்லாம் சரியாக நடப்பதைப் போன்ற தோற்றத்துடன் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் அந்தக் காட்சியின் முன் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பின் ரியுவைப் பல மாதங்கள் பயன்படுத்திவிட்டேன். பிறருக்கு நிறுவியும் கொடுத்திருக்கிறேன். இந்தக் கன்ட்ரோலரைப் பரிந்துரைப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு என் பதில், அதன் மௌனத்தை ஒருவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

நான் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகக் கன்சோல் கேபிள் வழியாக அமைத்துப் பழகியவன். முடிவெடுக்கும் அறிவைச் சுவிட்சிலிருந்து பிரித்தெடுத்து, ஒரே இடத்தில் இருக்கும் கன்ட்ரோலர் என்ற மென்பொருளிடம் ஒப்படைக்கும் எஸ்.டி.என். (மென்பொருள்வழி வலையமைப்பு) முறையைக் கற்க வேண்டிய தேவை பணியின் காரணமாக வந்தது. கல்லூரி மாணவர்களுக்கும் இந்தத் தேவை இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் எஸ்.டி.என். விருப்பப் பாடமாக இடம்பெற்றிருப்பதால், மினிநெட்டும் ஏதேனும் ஒரு கன்ட்ரோலரும் ஆய்வகக் கணினிகளுக்குள் வந்துவிட்டன. அந்த 'ஏதேனும் ஒன்று' பெரும்பாலும் ரியுவாகவே இருப்பதை, உதவி கேட்டு என்னிடம் வருபவர்களை வைத்துச் சொல்ல முடிகிறது.

ரியு, ஜப்பானின் என்.டி.டி. நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்த, பைத்தான் மொழியில் எழுதப்பட்ட மென்பொருள். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'ஓட்டம்' என்று பொருள். அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. ஓப்பன்ஃப்ளோ நெறிமுறையின் 1.0, 1.2, 1.3, 1.4, 1.5 ஆகிய பதிப்புகளில் சுவிட்சுடன் பேசும். இதன் கடைசி வெளியீடான 4.34 வந்தது 2020-இல். அதன் பின் புதிய வெளியீடு இல்லை. மேகக் கணிமை மென்பொருளான ஓப்பன்ஸ்டாக் திட்டத்தினர் தங்கள் நியூட்ரான் வலையமைப்புப் பகுதிக்காக இதிலிருந்து ஓ.எஸ்.-கென் என்ற கிளையைப் பிரித்தெடுத்துப் பராமரித்து வருகிறார்கள். ஆக, நாம் பயன்படுத்தப்போவது பராமரிப்பு நின்றுபோன மென்பொருள் என்பதை நிறுவுவதற்கு முன்பே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் முதல் தொல்லை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உபுண்டு 22.04-இல் பைத்தான் 3.10 வருகிறது. அதில் வழக்கம்போல பைத்தானின் நிறுவல் கருவியான 'பிப்' கொண்டு ரியுவை நிறுவ முற்பட்டால், செட்டப்டூல்ஸ் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்ட ஒரு செயற்கூறை ரியுவின் நிறுவல் நிரல் தேடிப் பிழையுடன் நின்றுவிடும். செட்டப்டூல்ஸைப் பழைய பதிப்புக்கு இறக்கினால் நிறுவல் முடியும். ஆனால் கன்ட்ரோலரை இயக்கியதும், ஈவென்ட்லெட் தொகுப்பில் இருந்த ஒரு மாறியைக் காணோம் என்று சொல்லும். ஈவென்ட்லெட்டை 0.30.2-க்கு இறக்கினால், அது தன்னுடன் அழைத்துவரும் பழைய டி.என்.எஸ். தொகுப்பு, பைத்தான் 3.10-இல் இடம் மாற்றப்பட்ட ஒரு வகுப்பைப் பழைய இடத்திலேயே தேடி விழும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று. அதைச் சரிசெய்தால் மூன்றாவது. இந்த மூன்று பிழைகளில் ஒன்றுகூட எஸ்.டி.என். பற்றி நமக்கு எதையும் கற்பிப்பதில்லை என்பதுதான் என் முதன்மையான குறை. ஒரு மாணவர் இரண்டு ஆய்வக வகுப்புகளை இதிலேயே தொலைத்துவிட்டு, பாடமே கடினம் என்ற முடிவுக்கு வருவதைக் கண்டிருக்கிறேன்.

இதற்குத் தீர்வு, இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாமல், பைத்தான் 3.9-உடன் ஒரு தனி மெய்நிகர் சூழலை உருவாக்கி அதற்குள் ரியுவை வைப்பது. மினிநெட் ஒரு பைத்தானிலும் ரியு இன்னொரு பைத்தானிலும் இருக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக இருக்கலாம், இரண்டும் பேசிக்கொள்வது டி.சி.பி. இணைப்பு வழியாக மட்டுமே, தேவைப்பட்டால் அவை இரண்டு வெவ்வேறு கணினிகளில்கூட இருக்கலாம். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மினிநெட்டுக்கு 'சூடோ' (நிர்வாகி உரிமை) கட்டாயம் வேண்டும், ரியுவுக்கு வேண்டாம். அது காத்திருக்கும் 6653-ஆம் போர்ட் 1024-க்கு மேற்பட்டது என்பதால் சாதாரணப் பயனரே திறக்க முடியும். பழக்கதோஷத்தில் ரியுவுக்கும் சூடோ போட்டால், மெய்நிகர் சூழலின் பாதை கைவிடப்பட்டு, நிறுவிய ரியுவையே காணவில்லை என்ற செய்தி வரும். உடனே பலர் இயங்குதளத்தின் பைத்தானிலேயே மறுபடியும் நிறுவத் தொடங்கி, விட்ட இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

கன்ட்ரோலரை நிறுத்தும்போது கன்ட்ரோல்-சி அழுத்துவதற்குப் பதிலாகக் கன்ட்ரோல்-இசட் அழுத்துவது அடுத்த சிறு பிழை. அது நிரலை முடிப்பதில்லை, உறங்க மட்டுமே வைக்கிறது. போர்ட் அதன் கையிலேயே இருக்கிறது. அடுத்த முறை இயக்கும்போது, முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று 98-ஆம் எண் பிழை வந்தால், உறங்குபவரை எழுப்பி அனுப்பிவிட்டுத் தொடர வேண்டியதுதான்.

நிறுவல் முடிந்த பிறகு வரும் தொல்லைகள் வேறு வகை. இவைதான் கற்பிப்பவை. இவற்றில் முதலாவது தோல்வியாகவே தோன்றாது. வெற்றியின் உருவில் வரும். மினிநெட்டைத் தொடங்கும்போது, கன்ட்ரோலர் வெளியே இருக்கிறது என்பதைக் குறிக்கும் 'ரிமோட்' என்ற சொல்லைச் சேர்க்க மறந்துவிட்டால், மினிநெட் தன்னிடமுள்ள இயல்புக் கன்ட்ரோலரைத் தேடும். அதுவும் நிறுவப்பட்டிருக்கவில்லையென்றால், சுவிட்சைக் கன்ட்ரோலரே தேவையில்லாத சாதாரணப் பிரிட்ஜாக மாற்றி இயக்கிவிடும். இதை ஒரு வரியில் அறிவிக்கத்தான் செய்கிறது, ஆனால் தொடங்கும்போது ஓடும் வரிகளை யார் படிக்கிறார்கள்? பிங் எல்லாம் வெற்றி. ரியுவின் டெர்மினலில் ஓசையில்லை. தான் எழுதிய நிரல்தான் பாக்கெட்டுகளை (வலையமைப்பில் போகும் தரவுத் துண்டுகளை) நடத்திச் செல்கிறது என்று ஒருவர் இரண்டு நாள் நம்பிக்கொண்டிருக்க முடியும். நான் ஒரு மாலை நம்பியிருந்தேன். என் நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையை நுழைத்த பிறகும் பிங் தொடர்ந்து வென்றபோதுதான் சந்தேகம் வந்தது.

சந்தேகம் வந்தவர்கள் உடனே செய்யும் சோதனை, ரியுவை நிறுத்திவிட்டுப் பிங் செய்து பார்ப்பது. அந்தச் சோதனையும் ஏமாற்றும். ரியுவுடன் வரும் சிம்பிள் சுவிட்ச் 13 என்ற மாதிரி நிரல், இரு கணினிகள் ஒன்றையொன்று அறிந்துகொண்டதும் அவற்றுக்கான ஃப்ளோ விதிகளை, அதாவது எந்தப் பாக்கெட்டை எங்கே அனுப்ப வேண்டும் என்ற குறிப்புகளை, சுவிட்சில் காலவரையறை இல்லாமல் எழுதிவிடுகிறது. அதன் பின் கன்ட்ரோலர் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த இரு கணினிகளுக்கிடையே பாக்கெட்டுகள் சுவிட்சிலேயே திரும்பிவிடும். முடிவெடுப்பது வேறு, எடுத்த முடிவைச் செயல்படுத்துவது வேறு என்று பாடநூலில் படிக்கும் பிரிவினை, இப்படிக் குழப்பத்தின் நடுவில்தான் உண்மையில் புரிகிறது. சரியான சோதனை, சுவிட்சின் ஃப்ளோ டேபிளைத் திறந்து, அதிலுள்ள விதிகளையும் ஒவ்வொரு விதியும் எத்தனை பாக்கெட்டுகளைக் கண்டிருக்கிறது என்ற எண்ணிக்கையையும் பார்ப்பது. பிங் என்பது சாட்சி சொல்ல வருபவர் மட்டுமே; ஆவணம் ஃப்ளோ டேபிளில் இருக்கிறது.

பதிப்புப் பொருத்தமின்மையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் இந்த ஓரிடத்தில் ரியு வாய் திறந்து பேசுகிறது. சிம்பிள் சுவிட்ச் என்ற மாதிரி ஓப்பன்ஃப்ளோ 1.0-க்கும், சிம்பிள் சுவிட்ச் 13 என்பது 1.3-க்கும் எழுதப்பட்டவை. மினிநெட் பயன்படுத்தும் ஓப்பன் வி சுவிட்ச் என்ற மென்பொருள் சுவிட்சின் பழைய பதிப்புகள் இயல்பாக 1.0-இல் மட்டுமே பேசும் என்பதால், 1.3-க்கான நிரலுடன் சேர்த்தால், பதிப்பு எண் 1-ஐ ஏற்க இயலாது, 4-ஐப் பயன்படுத்துமாறு சுவிட்சை அமைக்கவும் என்று ரியு தெளிவாகச் சொல்லும். இங்கே 4 என்பது ஓப்பன்ஃப்ளோ 1.3-ஐக் குறிக்கும் நெறிமுறை எண், அதை 1.4 என்று எடுத்துக்கொண்டு அலைந்தவர்களும் உண்டு.

என்னை அந்த மூன்று மணி நேரம் உட்கார வைத்தது இவற்றில் எதுவும் இல்லை. சிம்பிள் சுவிட்ச் 13-இன் நிரலைப் படித்துக்கொண்டு போனபோது, சுவிட்ச் முதன்முதலில் இணைந்ததும் ஒரு விதியை எழுதும் சிறு செயற்கூறு இருந்தது. எந்தப் பாக்கெட்டுக்கும் பொருந்தும் வெற்று நிபந்தனை, முன்னுரிமை 0, செயல் 'கன்ட்ரோலருக்கு அனுப்பு'. ஓப்பன்ஃப்ளோ 1.0 பற்றி எழுதப்பட்ட ஒரு விளக்கத்தை அதற்கு முன் படித்திருந்த எனக்கு, விதி எதுவும் பொருந்தாத பாக்கெட் தானாகவே கன்ட்ரோலருக்கு வந்துவிடும் என்பது மனத்தில் பதிந்திருந்தது. எனவே அந்தச் செயற்கூறு மிகை என்று கருதி, நிரலைச் சுருக்கும் ஆசையில் நீக்கிவிட்டேன். ஓப்பன்ஃப்ளோ 1.3-இல் நிலைமை தலைகீழ். விதி எதுவும் பொருந்தாவிட்டால், பாக்கெட் ஓசையின்றிக் கைவிடப்படும். 'டேபிள்-மிஸ்' எனப்படும் அந்த முன்னுரிமை 0 விதியை நாம் எழுதி வைத்தால்தான், தெரியாத பாக்கெட் கன்ட்ரோலரின் வாசலுக்கு வரும். நான் வாசற்கதவை அடைத்துவிட்டு, யாரும் வரவில்லையே என்று உள்ளே காத்திருந்திருக்கிறேன். இதில் ரியுவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வராத பாக்கெட்டைப் பற்றி அது என்ன பதிவு எழுத முடியும்?

இதே பள்ளத்தில் இரண்டாம் முறையும், வேறொரு பாதையில் வந்து விழுந்தேன். ஒரு கணினியைச் சுவிட்சின் ஒரு போர்ட்டிலிருந்து இன்னொரு போர்ட்டுக்கு மாற்றும் சோதனையில், காலவரையறை இல்லாத பழைய விதிகள் பாக்கெட்டுகளைப் பழைய போர்ட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தன. விதிகளை எல்லாம் அழித்துவிட்டால் கன்ட்ரோலர் புதிதாகக் கற்றுக்கொள்ளும் என்று எண்ணி, சுவிட்சின் விதிகளை மொத்தமாக நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். மொத்தமாக என்றால் டேபிள்-மிஸ் விதியும் சேர்த்துத்தான். சுவிட்ச் இணைந்திருக்கிறது, கன்ட்ரோலர் ஓடுகிறது, டேபிள் காலியாக இருக்கிறது, டேபிள்-மிஸ் விதியை எழுதும் செயற்கூறோ சுவிட்ச் புதிதாக இணையும்போது மட்டுமே அழைக்கப்படும். முன்பு ஒரு கணினிக்கு மட்டும் இருந்த கோளாறு, இப்போது எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. ரியுவை நிறுத்தி மறுபடி இயக்கினால் சுவிட்ச் மீண்டும் இணைந்து விதி எழுதப்பட்டுவிடும். நல்ல முறை, அழிக்கும்போது குறிப்பிட்ட முகவரிக்கான விதிகளை மட்டும் அழிப்பது. அதைவிட நல்லது, விதிகளை எழுதும்போதே, பயன்படாமல் கிடந்தால் விதி தானே நீங்கும்படி செயலற்ற காலவரையறை ஒன்றைக் கொடுத்துவிடுவது. மாதிரி நிரலில் அந்தக் காலவரையறை இல்லாதது ஒரு குறைதான். எளிமைக்காக விட்டிருப்பார்கள், ஆனால் கற்பவர் முதலில் பார்த்து எழுதுவது அந்த நிரலைத்தான்.

மௌனத்தில் இன்னும் ஒரு வகை இருக்கிறது, அதை ரியுவின் வடிவமைப்பின் மீதே சுமத்தலாம். ரியுவில் ஒரு நிகழ்வைக் கையாளும் ஒவ்வொரு செயற்கூறின் தலையிலும், அது எந்த நிகழ்வுக்கு உரியது, இணைப்பு எந்தக் கட்டத்தில் இருக்கும்போது அழைக்கப்பட வேண்டும் என்று ஓர் அடையாள வரி இருக்க வேண்டும். இணைப்புக்குக் கைகுலுக்கல், அமைவு, முதன்மை, முடிவு என நான்கு கட்டங்கள். சுவிட்ச் தன் திறன்களைச் சொல்லும் நிகழ்வு அமைவுக் கட்டத்தில் நடக்கிறது. பாக்கெட் வரும் நிகழ்வு முதன்மைக் கட்டத்தில். ஒரு செயற்கூறைப் பிரதியெடுத்து இன்னொன்றாக மாற்றும்போது, திறன்களைக் கேட்கும் செயற்கூறுக்கும் 'முதன்மை' என்றே கட்டம் இருந்துவிட்டால், அது ஒருநாளும் அழைக்கப்படாது. அது பைத்தான் இலக்கணப்படி பிழையில்லை. ரியுவின் பார்வையிலும் பிழையில்லை. இந்த நிகழ்வு இந்தக் கட்டத்தில் நடப்பதில்லையே என்று ஓர் எச்சரிக்கை வரியை எழுதுவது பெரிய வேலையாக இருந்திருக்காது. என்னிடம் உதவி கேட்டு வரும் நிரல்களில் டேபிள்-மிஸ் விதி எழுதப்பட்டிருந்தும் சுவிட்சில் இல்லையென்றால், நான் முதலில் பார்ப்பது இந்த அடையாள வரியைத்தான்.

நிரலுக்குள் உண்மையான பிழை நேர்ந்தால் ரியு நடந்துகொள்ளும் விதம் இதற்கு நேர்மாறானது, அதற்காக அதைப் பாராட்ட வேண்டும். ஒரு செயற்கூறு இடையில் முறிந்தால், கன்ட்ரோலர் முழுவதும் விழுவதில்லை. எந்தச் செயற்கூறு, எந்த நிகழ்வைக் கையாளும்போது முறிந்தது என்பதை முழுத் தடத்துடன் பதிந்துவிட்டு, அடுத்த நிகழ்வுக்குப் போய்விடுகிறது. இதனால் ஒரு சிக்கலும் உண்டு. பாக்கெட்டுகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது அதே பிழைத் தடம் நூற்றுக்கணக்கான முறை ஓடி, முதல் பிழையைக் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளிவிடும். பதிவைக் கோப்புக்கு அனுப்பி, மேலிருந்து படிக்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்வது நல்லது.

சுவிட்சே மறுப்புத் தெரிவிக்கும் இடங்களும் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஐ.பி. முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டைத் தடுக்க வேண்டும் என்று விதி எழுதும்போது, அந்த முகவரியை மட்டும் நிபந்தனையாகக் கொடுத்தால் போதாது. ஈதர்நெட் வகை ஐ.பி.தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டி.சி.பி. போர்ட்டைச் சொல்வதானால், ஐ.பி.-யின் நெறிமுறை எண் 6 என்பதை அதற்கு முன் சொல்லியிருக்க வேண்டும். இந்த முன்நிபந்தனை விடுபட்டால், சுவிட்ச் பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பும்: வகை 4, குறி 9. ரியுவின் பதிவில் இது எண்களின் வரிசையாகத் தெரிவதால், ஏதோ உள்விவகாரம் என்று கடந்துபோய்விடத் தோன்றும். ஆனால் உங்கள் விதி ஏற்கப்படவில்லை, காரணம் இன்னது என்று சுவிட்ச் வாய்விட்டுச் சொல்லியிருக்கும் ஒரே இடம் அதுதான்.

ஒன்றும் பிழையில்லாத இடத்தில் பயந்துபோகும் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். வலையமைப்பைத் தொடங்கியவுடன், யாரும் பிங் செய்யாமலே, 33:33 என்று தொடங்கும் முகவரிகளை நோக்கிப் பாக்கெட்டுகள் வருவதாக ரியு வரிசையாக அச்சிடும். அவை ஐ.பி.வி6 பல்முனைச் செய்திகளுக்கான ஈதர்நெட் முகவரிகள். கணினிகள் விழித்தெழுந்ததும் அண்டை வீட்டாரை விசாரிக்கும் வழக்கமான சத்தம். என் நண்பர் ஒருவர் தன் மடிக்கணினியில் ஏதோ ஊடுருவல் என்று வைஃபையைத் துண்டித்துவிட்டுத்தான் என்னை அழைத்தார்.

உண்மையான சத்தம் வேறு. மூன்று சுவிட்சுகளை முக்கோணமாக இணைத்து, சிம்பிள் சுவிட்ச் 13-ஐ ஓடவிட்டால், 'இந்த ஐ.பி. முகவரி யாருடையது' என்று எல்லாரிடமும் கேட்கும் ஒரே ஒரு ஏ.ஆர்.பி. கேள்வி அந்த வளையத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பெருகி, ரியுவின் டெர்மினலைப் படிக்க முடியாத வேகத்தில் ஓடவைக்கும். கணினியின் மின்விசிறி எழுந்து நிற்கும். ஒரு கன்ட்ரோலர் முழு வலையமைப்பையும் மேலிருந்து பார்க்கிறது, எனவே வளையத்தை அதுவே கவனித்துக்கொள்ளும் என்பது கற்பவர்களிடம் உள்ள பரவலான நம்பிக்கை. பார்க்கும்படி எழுதினால்தான் பார்க்கும். இந்த மாதிரி நிரல் ஒவ்வொரு சுவிட்சையும் தனித்தனியாக நடத்துகிறது. வலையமைப்பின் வடிவத்தை அறிய உதவும் எல்.எல்.டி.பி. பாக்கெட்டுகளை அது பார்த்தவுடன் ஒதுக்கியும் விடுகிறது. வளையம் வேண்டுமானால், அதில் பாக்கெட் சுற்றாமல் தடுக்கும் எஸ்.டி.பி. நெறிமுறை சேர்த்து எழுதப்பட்ட மற்றொரு மாதிரி ரியுவுடனேயே வருகிறது. அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் போர்ட்டுகள் பாக்கெட்டை அனுப்பும் நிலைக்கு வரச் சற்று நேரம் ஆகும், உடனே பிங் செய்துவிட்டுத் தோல்வி என்று எழுதிவிடக் கூடாது.

ஃபயர்வால் மாதிரியிலும் இதுபோல ஒரு வழுக்கல் உண்டு. அது இயக்கத் தொடங்கியதும் 'முடக்கப்பட்ட' நிலையில் இருக்கும். முடக்கப்பட்ட ஃபயர்வால் எல்லாவற்றையும் விட்டுவிடும் என்பதுதானே நம் அனுபவம். இங்கே முடக்கப்பட்ட நிலையில் எல்லாப் போக்குவரத்தும் துண்டிக்கப்படுகிறது. 8080-ஆம் போர்ட்டில் உள்ள ரெஸ்ட் வாயில் (இணையக் கோரிக்கைகளை ஏற்கும் இடைமுகம்) வழியாக அதை இயக்கிய பிறகும், அனுமதி விதிகளை எழுதினால்தான் பிங் போகும். ரியு குழுவினர் இலவசமாக வெளியிட்ட கையேட்டில் இது எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கையேடு நன்றாக எழுதப்பட்டது. முதலில் படித்திருந்தால் எனக்குப் பாதி மாலைகள் மிஞ்சியிருக்கும்.

இத்தனை மௌனங்களுக்கும் எனக்குக் கைகொடுத்த கருவி, வலையமைப்பில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க். கன்ட்ரோலரும் மினிநெட்டும் ஒரே கணினியில் இருந்தால், கணினி தன்னுடனேயே பேசும் லூப்பேக் இடைமுகத்தில் 6653-ஆம் போர்ட்டைப் பிடித்து, ஓப்பன்ஃப்ளோவின் நான்காம் பதிப்பு எண்ணுக்கான வடிகட்டியைப் போட்டால் போதும். இருபுறமும் ஹலோ சொல்லிக்கொள்கிறார்களா, கன்ட்ரோலர் திறன்களைக் கேட்டுச் சுவிட்ச் பதில் சொல்கிறதா, அதன் பின் டேபிள்-மிஸ் விதியை எழுதச் சொல்லும் ஃப்ளோ-மாட் செய்தி போகிறதா, பிங் செய்ததும் பாக்கெட்டைக் கன்ட்ரோலரிடம் கொண்டுவரும் பாக்கெட்-இன் வருகிறதா, அதற்குப் பதிலாக அதை வெளியே அனுப்பச் சொல்லும் பாக்கெட்-அவுட் திரும்புகிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால், உரையாடல் எந்த வாக்கியத்தில் அறுந்தது என்பது தெரிந்துவிடும். ஹலோவே இல்லையென்றால் முகவரியோ போர்ட்டோ தவறு. கன்ட்ரோலர் டாக்கர் என்ற தனித்த கொள்கலனுக்குள் இருந்தால், 'இதே கணினி' என்று பொருள்படும் 127.0.0.1 என்பது வெளியிலிருந்து பார்ப்பதும் உள்ளிருந்து பார்ப்பதும் வேறு வேறு என்பதை அப்போது நினைவுகூர வேண்டும். ஃப்ளோ-மாட் இல்லையென்றால் நிரலின் அடையாள வரி. பாக்கெட்-இன் மட்டும் இல்லையென்றால் டேபிள்-மிஸ். ரியு பேசாததை எல்லாம் கம்பி பேசிவிடுகிறது.

மாற்றாக என்ன இருக்கிறது என்ற கேள்வி வரும். பாக்ஸ் என்ற கன்ட்ரோலரும் பைத்தான்தான், நிறுவுவதும் எளிது. ஆனால் அது ஓப்பன்ஃப்ளோ 1.0-ஐச் சுற்றியே கட்டப்பட்டது, அங்கே கற்றுக்கொண்டு 1.3-க்கு வந்தால் நான் விழுந்த அதே பள்ளம் காத்திருக்கும். 2013-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் தொடங்கிய ஓப்பன்டேலைட்டும், 2014-இல் வெளிவந்த ஓனோஸும் ஜாவாவில் எழுதப்பட்ட பெரிய அமைப்புகள். ஓனோஸின் வலைப்பக்கத்தில் சுவிட்சுகளும் இணைப்புகளும் படமாகவே தெரிவது அழகு. ஆனால் அங்கே ஒரு பாக்கெட்டின் தலைவிதியை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே உட்காரலில் படித்துவிட முடியாது. சிம்பிள் சுவிட்ச் 13 ஏறக்குறைய நூறு வரிதான். அந்த நூறு வரிக்குள் ஒரு கற்கும் சுவிட்சின் முழு அறிவும் அடங்கியிருக்கிறது என்பதால்தான், இத்தனை குறைகளுக்குப் பிறகும் ரியுவைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, ஓப்பன்ஃப்ளோவைக் கையால் தொட்டுக் கற்க விரும்பும் மாணவருக்கும், என்னைப் போல் பழைய முறையிலிருந்து வருபவருக்கும் தயங்காமல் ரியுவைச் சொல்வேன். நிறுவனத்தின் உண்மையான சுவிட்சுகளை இதன் கையில் கொடுக்க எண்ணுபவருக்குச் சொல்ல மாட்டேன். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத மென்பொருளை, எல்லாச் சுவிட்சுக்கும் மேலே உட்கார வைப்பது சரியல்ல. ஆய்வகப் பொறுப்பாளர்கள், மாணவர்களைத் தனித்தனியே நிறுவச் சொல்லி வகுப்புகளை வீணாக்காமல், தயார் நிலையில் உள்ள ஒரு மெய்நிகர் கணினியைப் பிரதியெடுத்துக் கொடுத்துவிடலாம்.

நான் கொடுக்கும் பிரதியில் பைத்தான் 3.9 சூழல் ஒன்றும், அதற்குள் இந்த வரிசையில் நிறுவிய மூன்று தொகுப்புகளும் இருக்கின்றன: செட்டப்டூல்ஸ் 67.6.1, ஈவென்ட்லெட் 0.30.2, ரியு 4.34. மேசைத்திரையில் ஒரு கோப்பு. அதில் எழுதியிருப்பது, ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் மினிநெட்டின் துப்புரவுக் கட்டளையை ஒருமுறை ஓட்டவும், பிங் தோற்றால் முதலில் ஃப்ளோ டேபிளில் முன்னுரிமை 0 விதி இருக்கிறதா என்று பார்க்கவும்.